ராங்கெல் மாமாவுக்கு நான் படித்த ஒன்பதாம் அத்தியாயம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ஜனவரி பதினேழு, செவ்வாய்க்கிழமை. இடம், பல்கேரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சின்ன ஊர்.

என் பெயர் ஸ்லாவ்கா. தனியாக இருக்கும் வயசானவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சூப் வைத்துக் கொடுப்பேன், மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். ராங்கெல் மாமாவுக்கு மட்டும் கூடவே புத்தகமும் படித்துக் காட்ட வேண்டும். அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

பதினாறு வருஷம் ஜெயிலில் இருந்தவர். நகைக்கடைக் கொள்ளை. கூட்டாளி மித்கோ நகைகளை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி ருமேனியாவுக்கு ஓடிவிட்டான் என்று ஊரே பேசியது. மித்கோவின் அக்கா பென்கா மட்டும் நம்பவில்லை. "என் தம்பி என்கிட்ட சொல்லாம போகவே மாட்டான்" என்று சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த வாரம் நூலகத்திலிருந்து நான் கொண்டுபோனது ஒரு திகில் நாவல். ஜெயிலிலிருந்து வந்து மலை ஊர் ஒன்றில் ஒளிந்து வாழும் ஒருவன். பழைய ஆள் யாரோ அவனைத் தேடி வருகிறான். கதையைச் சொன்னதும் எனக்கே சங்கடமாகிவிட்டது.

"வேற எடுத்துட்டு வரட்டுமா மாமா?"

"எதுக்கு? அதையே படி பொண்ணே. எழுதினவன் எவ்வளவு புளுகியிருக்கான்னு பாக்கலாம்."

தினமும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இவனா? ஜெயில்ல ரெண்டு நாள் தாங்கமாட்டான். முதல் ராத்திரியே அம்மான்னு அழுவான்!"

அன்றைக்கு ஒன்பதாம் அத்தியாயம். வெளியே பனிமூட்டம். மணி நாலு இருபது, அதற்குள் இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு பக்கம் சாதாரணமாகப் போனது. மூன்றாவது பக்கத்தில் ஒரு ஆறு வந்தது.

எனக்கு லேசாக உறுத்தியது. இது மலை ஊர்க் கதை. எட்டு அத்தியாயத்தில் ஒரு ஓடைகூட வரவில்லையே...

சரி, ஏதோ பழைய நினைவாக இருக்கும் என்று மேலே படித்தேன். மணல் ஏற்றும் படகுகள். மூன்றாவது படகுத்துறை. அதற்குப் பின்னால் பாழடைந்த நீரேற்று நிலையம்.

ராங்கெல் மாமா சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

எங்கள் ஊரிலும் மூன்றாவது துறைக்குப் பின்னால் அப்படி ஒரு கட்டடம் உண்டு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு முப்பத்தைந்து.

நிறுத்தலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கண் வரி வரியாக ஓடியது. உதடு தானாக அசைந்தது. பக்கத்தைத் திருப்பியது என் கைதான். ஆனால் நான் திருப்பவில்லை...

இருவர் நகை மூட்டையோடு உள்ளே போகிறார்கள். ஒருவன் குனிகிறான். மற்றவன் கையில் இரும்புக் கம்பி.

குனிந்தவன் பெயர்... மித்கோ.

அச்சில் இருந்தது. கறுப்பு எழுத்தில். என் கண்ணால் பார்த்தேன்.

ராங்கெல் மாமா நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"போதும்டா..." என்றார்.

என்னைப் பார்த்து அல்ல. நான் பெண். என்னை அவர் ஒருநாளும் 'டா' போட்டதில்லை.

உதடு நிற்கவில்லை.

எந்திர மேடைக்கு அடியில். இடது மூலையில். சிமென்ட் பூசி...

"மித்கோ... போதும்டா!"

டப்.

புத்தகம் மூடிக்கொண்டது.

நாலு நாற்பத்தாறு.

"மாமா... நான்தான் படிச்சேன். ஸ்லாவ்கா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

"நீ ஆறு வந்ததும் நிறுத்திட்டே பொண்ணே. அதுக்கப்புறம் படிச்சது நீ இல்ல."

பிறகு அவரே சொன்னார். "அங்கதான் இருக்கான். நான்தான் வெச்சேன். காலையில போலீஸைக் கூட்டிட்டு வா."

"இப்பவே போறேன்."

"வேணாம். இந்த ஒரு ராத்திரி நான் அவன்கூட பேசணும்."

கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு விட்டுவந்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

காலை எட்டு மணிக்கு போலீஸோடு போனேன். அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து நீரேற்று நிலையத்தை உடைத்தார்கள். எந்திர மேடை, இடது மூலை. மித்கோ அங்கேதான் இருந்தான். இருபத்தோரு வருஷமாக.

நாவலைப் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க மலையும் பனியும்தான். ஆறு இல்லை. மித்கோ இல்லை.

அதோடு முடிந்திருந்தால் என் மனசில் ஏதோ கோளாறு என்று சமாதானம் செய்துகொண்டிருப்பேன்.

மித்கோவை அடக்கம் செய்த அன்று, கல்லறையில் எங்கள் ஊர் வழக்கப்படி வேகவைத்த கோதுமையைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே வந்த பென்கா என் எதிரில் நின்றாள்.

"ஸ்லாவ்கான்றது நீதானே? அன்னிக்கு எனக்கு ஏன் ஃபோன் பண்ணே?"

"நானா? உங்க நம்பரே எனக்குத் தெரியாதேக்கா."

"செவ்வாய்க்கிழமை. எடுத்தேன், யாரோ கதை படிக்கிற மாதிரி இருந்துச்சு. என் தம்பி குரல்டி அது. பதினோரு நிமிஷம்... வெக்க மனசு வரல, அப்படியே கேட்டுட்டிருந்தேன். அப்புறம் அந்த நம்பர் யாருதுன்னு விசாரிச்சேன்."

பையிலிருந்து ஃபோனை எடுத்து நீட்டினாள்.

ஜனவரி 17. மாலை 4.35. பதினோரு நிமிடம்.

கீழே இருந்தது என் நம்பர்.

அதற்கு முந்தின நாளே என் ஃபோனை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்க அது அவர் மேஜை இழுப்பறையில், பேட்டரி வேறு சிம் வேறாகக் கழற்றித்தான் கிடந்ததாம்.