‘ம்’ சொல்ல ஓர் ஆள்

கேமரா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. மேடம் படப்பைக் கடைத்தெருவில் வாங்கி, கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. முதலில் அவர் வாங்கி வந்தது சிவப்பு ஸ்டூல். எங்கள் தொழிற்சாலையில் சிவப்பு என்றால் கழித்துப்போட்ட பொருள் என்று அர்த்தம். சிவப்புத் தொட்டி, சிவப்பு அட்டை, தரையில் சிவப்புக் கோடு எல்லாமே ரிஜெக்டுக்கு மட்டும்தான். ஷிஃப்ட் சூப்பர்வைசர் அந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டு, “மேடம், இதுல குந்தினு இருந்தீங்கன்னா உங்களயும் சேத்துத் தூக்கினு பூடுவானுங்க” என்றார். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் நீலத்தோடு வந்தார். சிவப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கடைக்காரர் சண்டை போட்ட கதையை வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரகடத்தில், கார் இன்ஜினுக்கு மூடி செய்யும் கம்பெனி எங்களுடையது. மூடிக்குள் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு கேமரா படமெடுத்துப் பார்க்கும். நல்லது, கெட்டது என்று ஒரு புரோகிராம் தீர்ப்புச் சொல்லும். அந்தப் புரோகிராமை எழுதிப் பராமரிக்க இரண்டே பேர். மேடம் லீட், நான் அவருக்குக் கீழே. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். எல்லோரும் மேடம் என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் சேரப்பணஞ்சேரி. தொழிற்பேட்டைக்குப் போன தங்கள் நிலத்தில்தான் இன்று ஏதோ ஒரு கம்பெனியின் லாரி நிறுத்தம் இருக்கிறது என்பார், வருத்தமே இல்லாமல். மீட்டிங்கில் பாதி ஆங்கிலம் பேசுவார். எங்கள் இருவருக்குமான கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சொந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன், குன்றத்தூரில் ஒற்றை அறை. என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இன்னா கோவில்பட்டி, துன்னியா?” என்பார். ஊரை விட்டு வந்த பிறகு நான் சாப்பிட்டேனா என்று நேரில் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காரை எப்படி ஒரே கம்பெனி செய்வதில்லையோ, அப்படித்தான் ஒரு புரோகிராமையும் ஒருவரே முழுக்க எழுதுவதில்லை. உலகத்தில் எங்கோ இருக்கிற யார் யாரோ எழுதி வைத்த துண்டுகளை இணையத்திலிருந்து இறக்கி, அவற்றின் மேல்தான் நம்முடையதைக் கட்டுகிறோம். அந்தத் துண்டுகள் சும்மா இருப்பதில்லை. எழுதியவர்கள் அவற்றைத் திருத்திப் புதுப்புது எண்ணோடு வெளியிட்டுக்கொண்டே இருப்பார்கள். நேற்று இறக்கியதும் இன்று இறக்குவதும் ஒன்றாக இருக்கும் என்று நிச்சயமில்லை. அதனால், எந்தத் துண்டில் எந்த எண்ணுள்ள பதிப்பு வேண்டும் என்று எழுதிப் பூட்டிவிட வேண்டும். அதற்கு லாக் ஃபைல் என்று பெயர். நல்ல நாளில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் ஓடாத நேரம் பார்த்து, அந்த ஸ்டேஷனின் பழைய கம்ப்யூட்டரை மெயின்டனன்ஸ்காரர்கள் மாற்றினார்கள். ஃபேன் இரைகிறது என்பதுதான் காரணம். புதியதில் துண்டுகளை மறுபடி இணையத்திலிருந்து இறக்கி, எங்கள் புரோகிராமைப் போட்டு ஓடவிட்டோம். ஓடியது. திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் ஆரம்பித்ததும் மூடிகள் வரிசையாகக் கெட்டது என்று வர ஆரம்பித்தன. சிவப்புத் தொட்டி நிரம்பி வழிந்தது. அதே திங்கட்கிழமைதான் அந்த ஸ்டேஷனில் வளையம் பொருத்த ஒரு புதிய பெண்ணை மாற்றியிருந்தார்கள். தென்காசிப் பக்கம், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி. கம்ப்யூட்டர் மாறியது யார் கண்ணிலும் படவில்லை, ஆள் மாறியதுதான் பட்டது. கையுறையில் எண்ணெயோடு தொடுகிறாள், வளையத்தைக் கோணலாக வைக்கிறாள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று சூப்பர்வைசர் வாய் வார்த்தையாகச் சொல்லியும் விட்டார். அந்தப் பெண் அழவில்லை. ஒவ்வொரு மூடியையும் வைப்பதற்கு முன் கையுறையைப் புதிதாக மாட்டிக்கொண்டிருந்தாள். “நான் சரியாத்தான் வைக்கேன் சார், அது கெட்டதுன்னே சொல்லுது” என்று என்னிடம் சொன்னாள். அது என் ஊர்ப் பக்கத்துப் பேச்சு.

மேடம் அவள் வைத்த மூடிகளைத் தொட்டியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. “இன்னாவோ நம்ம பக்கம் கீது” என்றார். கழிவு மூலையில் இன்னும் தூக்கிப்போகாமல் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இருவருமாகத் தூக்கி வந்து உயிர் கொடுத்தோம். அதன் திரைக்கு முன்னால் நீல ஸ்டூலைப் போட்டு மேடம் உட்கார்ந்தார். நான் புதியதன் முன்னால் நின்றுகொண்டேன். இறங்கியிருந்த துண்டுகளின் பெயரையும் எண்ணையும் நான் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், அவர் பழையதில் பார்த்து ஒத்துப்போனால் ‘ம்’ சொல்ல வேண்டும். இதற்குத்தான் கம்ப்யூட்டரிலேயே வழியிருக்கிறதே என்றேன். “அது சொல்லும். நாம கேக்க மாட்டோம். படி” என்றார். படித்தேன். ம். ம். ம். பட்டியல் நீண்டுகொண்டே போனது. லைனின் இரைச்சலுக்கு நடுவே அந்த ‘ம்’ கதை கேட்கிற பிள்ளையின் ஒலி மாதிரி சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு பெயருக்கு வரவில்லை. காதில் விழவில்லையோ என்று மறுபடி படித்தேன். அப்போதும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதியதில் அதன் பதிப்பு எண் ஒன்று கூடியிருந்தது. படத்தின் வெளிச்சத்தைக் கையாளும் துண்டு அது. நாங்கள் அதை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. நாங்கள் பயன்படுத்தும் இன்னொரு துண்டு தன் வேலைக்காக அதைக் கூப்பிடுகிறது. மேடம் எங்கள் பட்டியலில் இருந்ததற்கெல்லாம் பூட்டுப் போட்டிருந்தார், அதற்கும் அடியில் இருந்ததற்குப் போடவில்லை. காருக்குக் கதவு கொடுக்கிற கம்பெனியோடு எல்லாம் பேசி முடித்துவிட்டு, அந்தக் கதவுக்குத் திருகாணி கொடுப்பவரை விசாரிக்காமல் விட்ட கதை. இப்படி விடுவது எங்கள் தொழிலில் சகஜம். புதிய எண்ணில் படம் கொஞ்சம் இருண்டு வந்தது. இருண்ட படத்தில் நல்ல வளையமும் கோணலாகத் தெரிந்தது.

சாஃப்ட்வேர் அப்டேட் ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம் மேடம், யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்றேன். உண்மையிலேயே கேட்க மாட்டார்கள். தொழிற்சாலையில் ‘சிஸ்டம் பிராப்ளம்’ என்று சொன்னால் அதோடு முடிந்தது; சிஸ்டத்தை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. “அப்டியே வுட்டா பாதிப் பேரு சிஸ்டம்தான்னுவான், பாதிப் பேரு அந்தப் பொண்ணுதான்னுவான். கான்ட்ராக்ட்ட புதுப்பிக்கிறவன் எந்தப் பாதின்னு நமக்குத் தெரியுமா?” என்றார். மறுநாள் காலை லைன் பக்கத்தில் போர்டு முன்னால் நின்றபடியே நடக்கும் மீட்டிங்கில், பிளான்ட் ஹெட்டுக்கு முன்னால், ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் பேசினார். “அந்தப் பொண்ணு கை சுத்தம் சார். பூட்டாம வுட்டது நானு.” அவ்வளவுதான். ஒரு ‘ஆனால்’ கூடச் சேர்க்கவில்லை. எனக்கு அப்போது பெருமையாகவும் இருந்தது, அவருக்காகப் பயமாகவும் இருந்தது.

அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேடம் அடி முதல் நுனி வரை எல்லாத் துண்டுகளையும் எண் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு வழக்கமானது. எப்போது பூட்டைத் திறந்து எதை மாற்றினாலும், அவர் நீல ஸ்டூலில் உட்கார்வார், நான் நின்று படிப்பேன். ‘ம்’ வந்தால் சரி, வராவிட்டால் ஏதோ மாறியிருக்கிறது. லைனில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்து, பூஜை ஆரம்பித்துவிட்டது என்று கிண்டல் செய்வார்கள். வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கில் புரளாத பெயர்களை நான் என் ஊர்ப் பாணியில் இழுப்பேன். மேடம் ‘ம்’ சொல்லாமல் சிரித்துவிடுவார். நான் ஏதோ மாறிவிட்டதாகப் பதறுவேன். “மாறல, நீதான் கொலை பண்ற” என்பார்.

பிறகு புதிய லைன் வந்தது. அதன் மென்பொருள் முழுக்க மேடம் கையில்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வேறு யூனிட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மீட்டிங்கில் சொன்ன வார்த்தையை யாரோ நினைவில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.  ரிஜெக்ட் தொட்டியைக் காட்டி, “அந்த செவப்பு ஸ்டூலயே வெச்சினு இருந்துருக்கலாம்” என்று ஒருமுறை சொன்னார். நான் சிரிக்கவில்லை. சில மாதங்களில் சென்னைக்குள் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். கிளம்பும் நாளில், “ஸ்டூல மட்டும் எவனும் தூக்கினு போவாம பாத்துக்கோ கோவில்பட்டி. வேளைக்குத் துன்னு” என்றார்.

முதலில் அடிக்கடி போனில் பேசிக்கொண்டோம். அப்புறம் செய்தி மட்டும். அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாழ்த்துப் படம், அதுவும் எல்லோருக்கும் சேர்த்து அனுப்புவது. கோபம் ஒன்றுமில்லை, அவருக்கு அங்கே வேலை, வீடு, வேறு ஆட்கள். அவர் இடத்துக்கு ஆள் போடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணாடி அறையில் நான் மட்டும் இருக்கிறேன். குன்றத்தூர் அறையிலும் நான் மட்டும்தான். சில நாள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கதவைத் திறக்கும்போது, காலையில் சூப்பர்வைசருக்கு வணக்கம் சொன்ன பிறகு வேலையைத் தவிர எதையும் யாரிடமும் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும். எண்களைப் பூட்டி வைத்தால் அப்படியே நிற்கின்றன. எனக்கு அதனால் ஒரு ஆறுதலும் இல்லை.

போன வாரம் அந்த ஸ்டேஷனின் கம்ப்யூட்டரை மறுபடியும் மாற்றினோம். மேடம் பூட்டிய லாக் ஃபைலில் உள்ளபடியே எல்லாம் இறங்கியது. ஒப்பிடும் கட்டளையைக் கொடுத்தேன். வித்தியாசம் எதுவும் இல்லை என்று உடனே காட்டியது. அதுவே போதும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. நீல ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, நின்றுகொண்டு, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியையும் விட்டேன்.

“யாருகிட்ட சார் பேசுதீங்க?” என்று ஒரு குரல் கேட்டது. அந்தத் தென்காசிப் பெண். இப்போது நிரந்தர வேலையில் இருக்கிறாள், அந்த லைனுக்கே லீடர். யாரிடமும் இல்லை, சரிபார்க்கிறேன் என்றேன். அவள் ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன். “வேண்டாம் சார். அது மேடம் ஸ்டூலுல்லா” என்று நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், “மேடம் நல்லா இருக்காங்களா சார்?”

நல்லா இருக்காங்க என்றேன். எனக்குத் தெரியாது. அவள் தலையாட்டிவிட்டு லைனுக்குப் போனாள். நான் விட்ட இடத்திலிருந்து அடுத்த பெயரைப் படித்துவிட்டு நிறுத்தினேன். ‘ம்’ வரவில்லை. எங்கள் வழக்கப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். திரையில் எல்லா எண்களும் சரியாகவே இருந்தன.