மல்லாந்த கை

விளக்கு அணைந்ததும் கதிர்காமநாதனின் வலக்கை தொடைக்குப் போய்விடும். ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, கையை மல்லாத்தும் வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. ஆதி தாளம். மேடையிலோ தாளமே கிடையாது. ஒருவர் வயலின் வில்லால் சிம்பல் என்கிற பித்தளை வட்டின் விளிம்பை இழுப்பார். இன்னொருவர் பியானோவுக்குள் தலையை விட்டுக் கம்பிகளைச் சுரண்டுவார். சிட்னியில் ஆண்டுதோறும் நடக்கும் அந்த நவீன செவ்வியல் இசை விழாவுக்குக் புறநகரான கிரவீனிலிருந்து ரயிலேறி வருகிற ஒரே தமிழர் அவராகத்தான் இருக்கும்.

பார்கவி இதை 2009 முதல் பார்த்துவருகிறாள். ஈரோட்டிலிருந்து படிக்க வந்தவள், வீட்டின் முதல் பட்டதாரி. அரங்க வாசலில் டிக்கெட் பார்ப்பது அவளுடைய பகுதிநேர வேலை. இந்த இசை தனக்கு மட்டும்தான் புரியவில்லையா, யாருக்குமே புரியவில்லையா என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. யாராவது புகழ்ந்தால் தலையாட்டி வைப்பாள்.

கதிர்காமநாதன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இடைவேளையில் வெள்ளைக்காரர்கள் படியிறங்கினாலும், "பாத்து இறங்குங்கோ" என்பார். எப்போதும் இரண்டு டிக்கெட் எடுப்பார். பக்கத்து இருக்கையைக் கையால் தாழ்த்திவிட்டுத்தான் தன்னுடையதில் உட்காருவார். ஆள் எழுந்தால் தானே மடங்கிக்கொள்ளும் இருக்கைகள் அவை. அவருக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் அவர் எழுந்து போகும்வரை மடங்காது. ஸ்பிரிங் போயிருக்கும் என்று ஒரு வருஷம் அவளே போய் அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் படக்கென்று மடங்கியது.

"கர்நாடகக் கச்சேரிக்கெல்லாம் போகமாட்டீங்களா அங்கிள்?"

"போறேல்லை பிள்ளை. எனக்குத் தாளம் நிக்காது. முன்வரிசை ஆக்கள் திரும்பித் திரும்பி முறைப்பினம். இஞ்சை இல்லாத தாளம் எப்பிடிப் பிழைக்கும்?"

அது ஒருமுறைகூடத் தவறாததுதான் அவளைப் பயமுறுத்தியது. வீச்சில் மல்லாந்த கை திரும்பாமல் அப்படியே நின்றால், அடுத்த மூச்சில் இசையும் நின்றுவிடும். அன்றுதான் முதன்முதலாக வாசிக்கப்படும் இசையானாலும் அப்படித்தான். எப்போது கதவைத் திறப்பது என்று மேடையைப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். அவர் கையைப் பார்ப்பாள்.

"எப்படித் தெரியுது அங்கிள்?"

"எனக்கெங்கை தெரியும். குணவதி இழுக்கிறாள், கை போகுது."

குணவதி அவர் மனைவி, பாட்டு ரீச்சர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மத்தியானம் மெல்லப் பாடினாராம், இவரைத் தாளம் போடச் சொன்னாராம். வாழ்க்கையில் முதல்முறையாக இவர் தாளம் தப்பாமல் கடைசி வீச்சுவரை வந்துவிட்டார். பாட்டை முடித்துவைக்கும் ஒரு தட்டுத்தான் பாக்கி. அதற்குள் நர்ஸ் கதவடியில் நின்று கூப்பிட்டாள். "பொறும், வாறன்" என்று எழும்பிப் போனார். திரும்பி வந்தபோது பாட்டு நின்றிருந்தது, மூச்சும்.

2013 விழாவின் கடைசி நாள். பார்கவிக்கு மெல்பனில் வேலை கிடைத்திருந்தது, இனி வரமாட்டாள்.

"இன்னைக்காவது அந்தத் தட்டைப் போட்டுடுங்க அங்கிள்."

"போட்டால் அவள் எழும்பிப் போயிடுவாள், பிள்ளை."

தந்திகள் ஒவ்வொன்றாக அடங்கின. அவர் கை மல்லாந்தது. இசை நின்றது. குழுவை நடத்துபவர் உயர்த்திய கைகளை இன்னும் இறக்கவில்லை. கதிர்காமநாதனின் கை தட்டுவதற்குப் பாதி திரும்பியது. பக்கத்து இருக்கை மெல்ல மேலெழத் தொடங்கியது.

சட்டென்று கையை மறுபடி மல்லாத்தி, இடக்கையால் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். இருக்கை தாழ்ந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியபோதும் அந்தப் பிடியை அவர் விடவில்லை.