பாலத்தில் ஒட்டிய சரிகை

காசிநாதன் சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிவார். பாலத்து விரிசலின் குறுக்கே அவர் பிசின் வைத்து ஒட்டிய சரிகை இழை பனியில் மினுங்கிக்கொண்டிருக்கும். அறுபடவில்லை என்று தெரிந்ததும் அப்படி ஒரு சிரிப்பு.

"பட்டு நூலுன்னா இழுக்க இழுக்க நீளும்பா, பொய் சொல்லிடும். விரிசல் கொஞ்சம் அகண்டாலும் சரிகை உடனே அறுந்துபூடும்."

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஐயம்பேட்டைத் தறிகளுக்கு, நீளவாட்டில் ஓடும் பாவு நூலை மூட்டையாகக் கொண்டுபோவது அவர் தொழில். வழியில்தான் இந்த ஓடைப்பாலம். கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவது புதிதாக வந்த காலத்தில் கட்டியது. வளைவின் அடியில், அன்று முட்டுக் கொடுத்த பலகைகளின் மரரேகை இன்னும் படிந்திருக்கிறது. தண்ணீரின் வெளிச்சம் அதன்மேல் ஏறி அசைவதைப் பார்த்தபடி நிற்பார். தறிக்காரர்கள் போன் அடித்து ஓய்ந்துபோவார்கள்.

"நீளமா கம்பி ஓடுது பாரு, அதான் பாவு. சிமெண்டுதான் குறுக்க கோக்குற ஊடை. நம்ம வேலைதாம்பா இது" என்று, பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் சொல்வார்.

கல்லில்லாமல் செங்கல்லில்லாமல் நிற்கும் பாலத்தை அந்தக் காலத்தில் யாரும் நம்பவில்லையாம். "பாரவண்டிங்கள வரிசையா ஓட்டிக் காட்டினாங்களாம். எங்க கொள்ளுத்தாத்தா அப்பவும் நம்பல. சாவுற வரைக்கும் மூட்டையத் தலையில வெச்சிக்கினு ஓடையில எறங்கித்தான் போனாரு." இதைச் சொல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் மனைவி காந்தாவுக்கு அலுத்துவிட்டது. "இந்த மனுசன் அந்தப் பாலத்துக்கே தாலி கட்டியிருக்கலாம்."

விரிசல் வளர்ந்தால் இடிக்க வேண்டியதுதான் என்று, பார்வையிட வந்த பொறியாளர் சொல்லிவிட்டுப் போனார். அன்று தொடங்கியது இந்தச் சரிகைக் காவல். "ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கினுகீறேன்" என்று ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அவரே வாக்குக் கொடுத்திருந்தார். அவரை நம்பித்தான் அவர்களும் ஆள் ஏற்றி ஓட்டினார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். இழை நடுவில் அறுந்து கிடந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சரிகையை எடுத்தார். புதிதாக ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி பையில் போட்டுக்கொண்டார். தூரத்தில் ஷேர் ஆட்டோ வரும் சத்தம் கேட்டது.

மூட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, சைக்கிளைப் பாலத்தின் குறுக்கே படுக்க வைத்தார்.

"நீ இங்கயே நில்லுபா. ஒருத்தரையும் ஏற வுடாத. நான் அந்தாண்ட போய் நிக்கறேன்."

வேட்டியை மடித்துக் கட்டினார். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கினார்.