தொண்ணூற்று நான்கு என்று சொன்னேன்

மலாக்காவைப் பிடித்ததும் ஜப்பான்காரர்கள் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கும் வானத்தில் நட்சத்திரங்கள் இருக்கும். அந்த இருட்டில் நானும் மாணிக்கம் அண்ணனும் காஜா பேராங்கிலிருந்து சைக்கிளில் அலுவலகம் போய், அவர்களுடைய சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து நிற்போம். திருவாரூரில் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுப் பழகிய முதுகு எனக்கு.

அண்ணன் சிட்டி குலத்தவர்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். அவர் வீட்டில் ஓர் அறையில் நான் குடியிருந்தேன். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். ‘தம்பி’, ‘சாமி’ என்று சில சொற்கள் தவிர அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ மலாய் அரைகுறை. ஊரில் இருந்தவரை, சாமி ஒன்றானால் மொழியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

குமாஸ்தாக்கள் எல்லாரும் ஜப்பான் மொழி படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று தேர்வுகள், சராசரி அறுபது வராதவர்களைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. மலேரியாக் காய்ச்சலோடு எழுதிய அண்ணனுக்கு முதல் தேர்வில் நாற்பது, இரண்டாவதில் முப்பத்தாறு.

“தம்பி, பெராப்பா?” எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் சேர்த்து நூற்றெண்பது வேண்டும். கையில் எழுபத்தாறு. மீதி நூற்று நான்கு. தேர்வோ நூறுக்குத்தான்.

அவர் மனைவி மீனாட்சி அக்காவின் தம்பி புக்கிட் ரம்பாயில் மரவள்ளித் தோட்டம் வைத்திருந்தார். வந்து ஒளிந்துகொள்ளச் சொல்லியிருந்தார். “தா போலே, தம்பி?” என்று கேட்டார் அண்ணன். முடியாதென்றால் மறுநாளே போய்விடுவாராம்.

அவர் ஓடிவிட்டால் அந்த வீட்டில் குடியிருக்கும் என்னைத்தான் முதலில் இழுத்துப்போய் விசாரிப்பார்கள். அந்த விசாரணைக்குப் போய் வந்த ஒருவரின் விரல்களை நான் பார்த்திருந்தேன்.

“தொண்ணூற்று நான்கு,” என்றேன்.

“போலே?”

“போலே, அண்ணா.” முடியும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை நம்பினார். சுவரெல்லாம் கரியால் ஜப்பான் எழுத்து. மரவள்ளி உரித்தபடியே அக்கா ஒவ்வொரு சொல்லாகக் கேட்பார். குளிக்கும்போதும் அண்ணன் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். பகல் முழுதும் எனக்கு அது கேட்கும். உண்மையைச் சொல்லப் பத்து நாள் இருந்தது. ஒரு நாளும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து வாங்கினார்! அலுவலக வாசலில் என்னைக் கட்டித் தூக்கினார். அடுத்த நாள் பட்டியல் வந்தது: மாணிக்கம், சராசரி ஐம்பத்தேழு.

“ஒண்ணு கூடத்தானே எடுத்தேன், தம்பி?” என்று மலாயில் கேட்டார். சயாமுக்குப் போகிறவர்களை ஏற்ற லாரி வந்தது. லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு, விரல்களை மடக்கி மடக்கி அவர் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். லாரி திரும்பும்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கணக்கு அவருக்கு வந்துவிட்டது.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர் வரவில்லை. நாகப்பட்டினத்துக்கு மறுபடி கப்பல் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மீனாட்சி அக்கா வாசலில் வந்து நின்றார்.

“பிலா பாலிக்?”

எப்போது திரும்புவது என்று அர்த்தம். மலாயில் யார் என்று சொல்லாமலே அப்படிக் கேட்கலாம். என்னைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, “அடுத்த மாதக் கப்பலில், அக்கா,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “டியா நாய்க் கப்பால்?” அண்ணன் கப்பலிலா வருகிறார் என்று கேட்டார்.

அந்தக் கப்பல் போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. கட்டிய பெட்டி கட்டிலின் கீழே கிடக்கிறது. நான் இந்த வீட்டில் இரண்டு பேருக்கு அரிசி வாங்கி வருகிறேன், அக்கா மூன்று பேருக்கு உலை வைக்கிறார்.