புல்வெளிக்குக் கீழே எங்கள் பிள்ளைகள்

எங்கள் ஊர் மயானத்தை அழகுபடுத்தியவர்கள்மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய நாட்களிலேயே வாய்க்காலுக்கு மேற்கேயிருந்த மேட்டுநிலத்தை மயானமாக ஒதுக்கினோம். பெரியவர்களை எரித்தோம். பால்மணம் மாறாத குழந்தைகளை எரிப்பது எங்கள் வழக்கமன்று. அவர்களை வடக்கு மூலையில் வரிசையாகப் புதைத்தோம். கல் நாட்ட வசதி இருக்கவில்லை. ஆகவே, வேலிக்கு நடும் கிளுவைத் தடியான கதியால் ஒன்றைத் தலைமாட்டில் ஊன்றினோம். அது வேர்விட்டுத் தளிர்த்துவிடும். என் மகளுக்கும் நானே ஊன்றினேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பியபோது என் வீட்டின் அத்திவாரத்தைக்கூடத் தேடித்தான் கண்டுபிடித்தேன். மகளின் இடத்தை அந்தக் கிளுவை உடனே காட்டியது.

பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. ஆண்டுதோறும் மனைவி பால் காய்ச்சித் தருவாள். நான் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவேன்.

அண்மையில் வெளிநாட்டிலுள்ள ஊரவர்களின் உதவியோடு இளைஞர்கள் ஒரு குழு அமைத்தார்கள். வைத்தியத்துக்காக வவுனியாவில் மகனுடன் நான் தங்கியிருந்த மாதங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. மதில், கல் பதித்த நடைபாதை, பூச்செடிகள். திறப்புவிழாவுக்கு முதல்நாள் போய்ப் பார்த்தேன். வடக்கு மூலையை மட்டப்படுத்திப் புல் பதித்திருந்தார்கள். ஒரு கிளுவைகூட இல்லை.

“பழைய வேலி எண்டு நினைச்சுப் பிடுங்கிப்போட்டம் ஐயா,” என்றார் குழுத் தலைவர்.

“வேலியோ? மயானத்துக்கு உள்ளுக்க வேலி அடைக்க, செத்ததுகள் காணிச்சண்டையோ தம்பி பிடிச்சதுகள்?”

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை.

“இடத்தைக் காட்டுங்கோ. வடிவாக் கல்லு ஒண்டு வைச்சுவிடுறம்.”

“காட்டுறதுக்குத்தானே தடி நட்டது! அதைப் பிடுங்கிப்போட்டு என்னட்டையே இடம் கேக்கிறீரோ?”

ஊரில் எவரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலைவருடைய தாயாரே சொல்லியிருப்பார். அவரும் ஒரு பிள்ளையை அந்த மூலைக்குக் கொடுத்தவர்.

விழாவுக்குப் பெண்களையும் அழைத்திருந்தார்கள். என் மனைவி முதன்முறையாக மயானத்துக்கு வந்தாள். எல்லோரும் புல்லில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடைபாதையிலேயே நின்றாள்.

“எங்கட பிள்ளை எதில கிடக்கிறாள்?”

கிளுவை நின்ற இடத்தை நான் புல்லில் தேடினேன்.

“சொல்லுங்கோவன். இவ்வளவு காலமும் எதில பால் ஊத்தினனீங்கள்?”

அந்நேரம் ஊரின் மூத்தவர் என்று என்னைப் பேச அழைத்தார்கள். எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவன் நான். அன்று எழுதவில்லை.

“புல்லில நிக்கிறாக்கள் எல்லாரும் இறங்குங்கோ,” என்றேன். “உங்கட காலுக்குக் கீழ பிள்ளையள் கிடக்குதுகள்.”

சிலர் பதறி இறங்கினார்கள். சிலர் படத்தை எடுத்து முடித்துவிட்டே இறங்கினார்கள்.