ஓரத்துச் சிவப்பு

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். சட்டையில் நூல் பிரிந்திருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். வேலையும் அப்படியே வாய்த்தது. மருத்துவமனை ஆய்வகத்தில் திசுவை மெல்லிசாகச் சீவி, கொலாஜன் என்ற புரத நார்கள் மட்டும் சிவக்கும்படி சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் படமெடுப்பார்கள். அந்தப் படத்தில் நார் எவ்வளவு, எப்படிப் பின்னியிருக்கிறது என்று கம்ப்யூட்டரே அளந்து சொல்லும் ப்ரோக்ராமை எழுதியவள் அவள்தான். கல்லீரலில் நார் மண்டினால் அது இறுகுகிறது என்று அர்த்தம்.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். பசியில்லாமல் சோர்ந்துபோயிருந்தவருக்கு இவள் மருத்துவமனையிலேயே ஊசி வழியாகக் கல்லீரலில் துணுக்கு எடுத்திருந்தார்கள். திசுவைப் பார்த்து முடிவு சொல்லவேண்டிய டாக்டரம்மா பார்க்கும்வரை இவளுக்குப் பொறுக்கவில்லை. படத்தை ப்ரோக்ராமில் ஓட்டினாள். எண் எகிறியது. படத்தைத் தன் கண்ணால் ஒருதரம் பார்க்கக்கூடத் தோன்றாமல் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“லிவர் இறுகிப் போயிருக்குக்கா. அத்தான் திருட்டுத்தனமா குடிக்கிறாரான்னு பாரு.”

அக்கா அவர் பையைக் குடைந்தாள். அவர் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. வேலை முடிந்து வந்தவரின் சட்டையை மகள் முகர்ந்து பார்த்தாள். அன்றிலிருந்து அவர் மாடியறையில் தனியாகப் படுத்தார்.

திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடைப் பார்த்த டாக்டரம்மா இவளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஊசி கல்லீரலின் வெளியோரத்தில் உறையையும் சேர்த்து எடுத்திருந்தது. அங்கே நார் இயல்பாகவே அதிகம். அந்த ஓரத்தை ஒதுக்க ப்ரோக்ராமுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளே, அவர் சாப்பிட்டுவந்த ஏதோ மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வந்த லேசான வீக்கம்தான். அக்காவுக்கு முந்திக்கொண்டு சொன்னதையும் இவள் மறைக்காமல் சொன்னாள். இது விதிமீறல், மருத்துவமனை மேலிடத்தில் நீயே போய்ச் சொல்லிவிடு என்றதோடு டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதையும் செய்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டவர், “மெஷின் தப்பா சொல்லிடுச்சாம்மா?” என்றார்.

“நீங்க குடிக்கிறீங்கன்னு மெஷின் சொல்லல அத்தான். அதச் சொன்னது நான்.”

அவர் கதவை விட்டு விலகி வழிவிட்டார். பிறகு, “இத என் பொண்ணுகிட்டயும் சொல்லிடு,” என்றார்.

சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. மகள் அழுதுகொண்டே அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை. இவள் உள்ளே போனபோது சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “நீ மெஷினப் பாத்துச் சொன்ன. நான் இத்தன வருஷம் கூட வாழ்ந்தவ. எனக்குத் தெரியவேணாமா?”

அந்த மாத்திரையை நிறுத்தியதும் அத்தான் தேறினார். பழையபடி கிண்டலும் பேச ஆரம்பித்தார். அக்காவும் தங்கையும்தான் அவரெதிரில் நெடுநாள் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.