சஹனுக்காக உறைப்புப் பழகியது

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்த தேங்காய்ச் சம்பலை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஹொட்! ஹொட்!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு எலீன். நான் இங்கிலாந்துக்கு வந்த புதிது. "இல்லையே, ஐஸ் மாதிரித்தானே கிடக்கிறது" என்று விரலால் தொட்டுக் காட்டினேன். சூட்டுக்கும் உறைப்புக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் சனம் எப்படித்தான் கதைத்துப் பிழைக்கிறதோ!

பிறகு, இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்காகக் கறியில் உறைப்புக்குப் போடும் கொச்சிக்காய்த் தூளைக் குறைத்தேன். குறைத்ததே எனக்கும் பழகிவிட்டது. போன முறை ஊருக்குப் போனபோது, கல்முனைக்குடியில் என் மூத்த சகோதரி ராத்தா வீட்டில் முதல் வாய் வைத்ததும் கண்ணும் மூக்கும் ஒழுகி விக்கலெடுத்தேன். வீடே சிரித்தது. இந்த வருடம் தன் மகளின் கல்யாணத்துக்கு அழைத்தபோது ராத்தா போனில் சொன்னார்: "நீ சஹன்ல குந்தாத. ஒனக்கு வேறயா ஒரு பீங்கான்ல உறைப்பில்லாம வெச்சித் தாறன்."

ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து சாப்பிடுவதுதான் சஹன். அதில் எனக்கு இடமில்லையென்றால் நான் விருந்தாளி, கூடப்பிறந்தவள் இல்லை. எனக்கு ரோசம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைக் கறியில் ஒவ்வொரு கிள்ளாகத் தூளைக் கூட்டினேன். எலீனும் கூட்டுச் சேர்ந்தார். ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்து அழுது சிரித்தோம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். கொச்சிக்காயோ பழகப் பழக உறைக்காமல் போகிறது. ஒரு நாள் எலீன், "நொட் ஹொட்" என்று உதட்டைப் பிதுக்கினார். நான் சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன்! அவர் கேட்டது இன்னும் கொஞ்சம் தூள்.

கல்யாண விருந்தில் யாரையும் கேட்காமல் சஹனில் போய் இருந்தேன். பீங்கானோடு வந்த ராத்தா, நான் கண் கலங்காமல் விழுங்குவதைப் பார்த்து, "யா அல்லாஹ், இவளுக்கு என்ன நடந்த?" என்று பீங்கானைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்திலேயே அமர்ந்தார். எலீனின் கதையைச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு படம் வந்தது. எலீன் தானே ஆக்கிய கறி, செக்கச்செவேலென்று. வலக்கை சஹனில் இருக்க, இடக்கையால் போனைத் தூக்கிக் காட்டினேன்.

"வெள்ளக்காரியா? இவ நம்மட ஆள்தான். அவட பங்கையும் நீயே தின்னு" என்று ராத்தா தன் பக்கமிருந்த பெரிய இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அவ்வளவு நேரமும் காய்ந்திருந்த என் கண் நிறைந்துவிட்டது.

"உறைக்கிதாடி?"

"ஓம் ராத்தா" என்றேன், "ஹொட்."